பனி எஞ்சினுக்கு மூச்சு முட்டிய கோடை

எங்கள் மாமாவுக்கு ஒரு எஞ்சினைக் காட்டிவிட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம். ஊரில் வங்கியில் வேலைபார்த்த மனிதர்தான். ஆனால் எந்தத் தோட்டத்தில் இறைப்பு மெஷின் நின்றாலும் வெள்ளைச் சேர்ட்டோடு அங்கே போய்க் குந்திவிடுவார் என்று அம்மா சொல்வார். தம்பி திருத்தினதைவிடக் கழற்றினதுதான் கூட என்பதையும் சேர்த்தே சொல்வார். டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில், சண்டைக்குத் தப்பி வந்த எங்களுக்குக் கிடைத்த சிறிய வீட்டுக்கு மாமாவும் வந்து சேர்ந்தார். அப்பா தொழிற்சாலைக்குப் போய்விடுவார். மாமாவுக்குக் கை சும்மா இருக்காது.

பக்கத்து வீட்டில் ஒரு டேனிஷ்காரரும் மனைவியும். அவர் பால் லொறி ஓட்டுபவர். நோர்வேயின் வடக்கே இருக்கும் மைத்துனரிடமிருந்து பனியில் ஓடும் ஸ்கூட்டர் ஒன்றின் பழைய எஞ்சினைக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஊரின் கோடை விழாவில் பிள்ளைகளுக்கான வண்டிப் போட்டி வருகிறது என்று கேள்விப்பட்டதும் அவரும் மாமாவும் குழாய்களை ஒட்டி, நாலு சில்லுப் பூட்டி, அந்த எஞ்சினைப் பின்னால் இறுக்கி ஒரு கோ-கார்ட் செய்துவிட்டார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூடம் போய் டேனிஷ் பிடித்திருந்தேன். டேனிஷ்காரருக்குப் பிள்ளைகளும் இல்லை. ஆகவே பதினொரு வயதில் எனக்கு இரண்டு உத்தியோகம்: சாரதி, மொழிபெயர்ப்பாளர்.

முதல் நாள் வண்டி போட்ட சத்தம்! தெருமுனை மரத்திலிருந்த காகமெல்லாம் கிளம்பிவிட்டன. நான் ராணி மாதிரி இறங்கினேன். அடுத்த நாள் அதே வண்டி, அதே பெட்ரோல், எஞ்சின் மட்டும் ஏறமாட்டேன் என்றது. மிதித்தால் மீட்டர் முள் பாதிவரை வந்து, அங்கேயே கம்மிக்கொண்டு நின்றது.

“என்ன பிள்ளை, ஏறுதே?” என்று மாமா ஓடிவந்தபடி கேட்பார்.

“இல்லை மாமா, பாதியிலை நிக்குது.”

“நல்லா மிதி!”

“இதுக்கு மேலை மிதிச்சா கால் நிலத்திலை முட்டும்.”

போட்டி சனிக்கிழமை. அன்று செவ்வாய். வகுப்புப் பிள்ளைகளிடம் வாயடித்துவிட்டு வந்திருந்தேன். வண்டி ஓடாவிட்டால் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர முடியாது.

முந்தின நாள் மழைக் குளிர், இன்றைக்கு வெயில். அதனால் டேனிஷ்காரர் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். உறைபனிக் காற்றுக்கென்று அளந்து வைத்த கார்புரேட்டர், கோடைக் காற்றுக்குப் பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறதாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மையிலேயே கரிச்சட்டி போலக் கறுத்திருந்தது. “அப்ப எஞ்சினுக்குப் பட்டினி இல்லை, சமிபாட்டுக் கோளாறு” என்றார் மாமா. நான் அதை அப்படியே மொழிபெயர்க்க, டேனிஷ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெட்ரோல் குறைவாகப் போகட்டும் என்று சின்னத் துவாரமுள்ள ஜெட்டைப் பூட்டினார்கள். முள் ஒரு மயிரிழை ஏறியது, அவ்வளவுதான். புதன்கிழமை கிளச்சைப் பிரித்தார்கள், பெல்ட்டை மாற்றினார்கள். வியாழன் சங்கிலிப் பல்லையும் மாற்றிப் பார்த்தார்கள். எஞ்சின் தடிமன் பிடித்த கிழவர் மாதிரி அதே குரலில் முனகியது. அம்மா மட்டும் அந்த வாரம் முழுக்க நல்ல சந்தோசமாக இருந்தார். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, “இப்ப நல்லாத்தானே ஓடுது?” என்று கேட்டுவிட்டும் போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வேறு கழற்ற ஒன்றும் மிச்சமில்லாததால், டேனிஷ்காரர் சைலன்சரைக் கழற்றினார். உள்ளே ஒரு குறடு நுழைத்து இழுத்தார். சாம்பலும் கரியுமாக, பாத்திரம் மினுக்கும் கம்பிப்பஞ்சு உருண்டை உருண்டையாக வந்தது. அது வெளியே பறக்காமல் உடுப்புக் கொழுவியின் கம்பியை யாரோ வளைத்து அடைத்திருந்தார்கள். அவ்வளவு நேர்த்தியான வேலை எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் வரும்.

மாமா குசினி யன்னலைப் பார்த்தார். “அக்கா! உதென்ன வேலை?”

அம்மா ஒளிக்கவில்லை. ஈரக் கையோடு வெளியே வந்தார். “வேறென்ன செய்யிறது? ஊரெல்லாம் கேக்குது. ஆரும் பொலிசுக்குச் சொன்னால்? விசா இன்னும் வரேல்லை. உன்ரை மெஷினாலை எல்லாரையும் ஏத்தி அனுப்பப் போறாங்கள். அங்கை உப்பிடி ஒரு சத்தம் கேட்டா, குண்டு போடப் பிளேன் வருதெண்டு பங்கருக்குள்ளை பாய்ஞ்சதை மறந்துபோனியே?”

மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. டேனிஷ்காரர் என்னைப் பார்த்தார். என் இரண்டாவது உத்தியோகத்தை நான் செய்தேன்: “அம்மாவுக்குச் சத்தம் பிடிக்காதாம்.” அவர் யோசித்துவிட்டு, அப்படியென்றால் போட்டிக்குப் போகவேண்டாம், வண்டியைத் தன் கொட்டிலில் வைத்துவிடலாம் என்றார். அதை மொழிபெயர்க்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். பிறகு, “பொறுங்கோ” என்றுவிட்டு உள்ளே போய், கிழங்குக் கறி வைத்துச் சுருட்டி ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினார்.

அன்றே தட்டும் கையுமாக அந்தத் தெரு முழுக்க ஏறி இறங்கினோம். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை, மன்னிப்புக் கேட்கப் போனாலும் அப்படித்தான். நாளைக்குக் காலமை வண்டியை ஓட்டிப் பார்ப்போம், சத்தம் வரும், கோபிக்கவேண்டாம் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் டேனிஷில் சொன்னேன். அந்த ஊர்ச் சனம் மணியடித்தவர்களைக் குழப்பத்தோடு பார்த்தது, ரோல்ஸைக் கடித்தது, கண்ணை விரித்தது. கடைசி வீட்டுக்காரர், முதல் நாள் நல்ல சத்தம் கேட்டதே, பிறகு ஏன் உங்கள் எஞ்சினுக்குச் சுகமில்லை, நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்றார். அதைக் கேட்டு அம்மா முதலில் நம்பவில்லை. “வடிவாக் கேட்டனியே? அப்பிடித்தான் சொன்னவரே?” என்று என்னை இரண்டு தரம் கேட்டார்.

சனிக்கிழமை புல்வெளியில் எங்கள் தெருவே நின்றது. நான் மிதித்தேன். முள் பாதியைத் தாண்டி விறுவிறென்று ஏற, எஞ்சின் வாய்விட்டுக் கத்தியது. மாமா வண்டியோடு சமமாக ஓடிவந்து எதையோ கத்தினார், ஒன்றும் கேட்கவில்லை. வளைவில் இரண்டு பேரை முந்தினேன், அடுத்த வளைவில் வைக்கோல் கட்டில் மோதினேன். கடைசிக்கு முந்தின இடம்.

திரும்பி வந்தபோது அம்மா டேனிஷ்காரரின் மனைவியுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னம் முழுக்க ஈரம். தோற்றுவிட்டேன் என்று அழுகிறார் என நினைத்து, “அடுத்த முறை வெல்லுவன் அம்மா” என்றேன். “ஓம், ஓம்” என்று என் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

ஒரு பெருஞ்சத்தம் தூரத்தில் கேட்டு, கிட்ட வந்து, நம்மைக் கடந்து போய், அதன் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்பதற்காகவும் ஒருவர் அழுவார் என்று அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்.