மைத்துனனின் பிராசசர்

எல்லோரும் அவரை மீட்டர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கணினி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது, குடித்ததற்கு ஏற்ப உழைக்கிறதா என்று அளந்து சொல்வது அவர் பிழைப்பு. வீட்டின் முன்னறைதான் ஆய்வுக்கூடம். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நல்ல பேர். அந்தப் பேரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். கொஞ்சம் அதிகமாகவே காத்துவிட்டார் பாவம்.

ஒரு பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்க இருந்தது. எதை வாங்கலாம் என்று அளந்து சொல்ல அவரைக் கேட்டிருந்தார்கள். வகுப்பில் சார்ஜ் போட வசதியில்லை. பள்ளி விடும் மணியடிக்கும்வரை பேட்டரி தாங்க வேண்டும். போட்டியில் நின்ற இரண்டு கணினிகளிலும் மூளையாக இருப்பது குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிராசசர்தான், வகைதான் வேறு. ஒன்றை விற்பவன் அவருடைய மனைவியின் தம்பி. இந்த ஆர்டரும் கைநழுவினால் அவன் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"எனக்காகக் கூட்டிச் சொல்ல வேணாம் மாமா. உள்ளதச் சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இரண்டையும் மேசையில் வைத்து ஒரே வேலையைக் கொடுத்து ஓடவிட்டார். மேசையின் ஒரு பக்கம் ஜன்னல் வெயில் விழும். சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேலை இழுத்துக்கொண்டே போக, பேட்டரி வடிந்துவிடும். அதனால் பாதியில் இரண்டையும் இடம் மாற்றுவது அவர் வழக்கம்.

அன்று வெயிலில் இருந்தது மைத்துனனுடையது. பின்தங்கியும் இருந்தது. மாற்றக் கை நீண்டது. இப்போது மாற்றினால் சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினான் என்று நாலு பேர் பேசுவார்களே! நீண்ட கை மடங்கிவிட்டது. மைத்துனன் தோற்றான். அறிக்கையையும் கையோடு அனுப்பிவிட்டார்.

டீ கொண்டுவந்த மனைவி மேசையைப் பார்த்தாள்.

"எப்பவும் இடம் மாத்துவீங்களே, இன்னிக்கு மாத்தலியா?"

"மாத்தினா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"வேற எவனோடதாவது இருந்தா மாத்தியிருப்பீங்கல்ல? எனக்குத் தம்பியாப் பொறந்தது அவன் தப்பா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். சொந்தக்காரனுக்கு உதவி செய்யாததைப் பெருமையாக நினைத்தவருக்கு, யாரோ ஒருவனுக்குச் செய்யும் நியாயத்தைக்கூட அவனுக்குச் செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, இடமும் மாற்றி, முதலிலிருந்து அளந்தார். வேகத்தில் மைத்துனனுடையது அப்போதும் ஒரு படி கீழேதான். ஆனால் மற்றது அணைந்து கிடக்க, இது பள்ளி நேரத்தையும் தாண்டி அசராமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் அப்படியே எழுதி அனுப்பினார்.

தலைமையாசிரியை போன் செய்தார். குரலில் காரம்.

"நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. அது உங்க மைத்துனன் கம்ப்யூட்டராமே?"

மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஆமாம்மா" என்றார் மீட்டர்காரர். "அதனாலதான் நேத்து தப்பா அளந்தேன்."