எழுத்தில்லாத பலகை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வீட்டில் சொல்வார்கள், சபையில் சொல்வார்கள், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். ஆசிரியையாக வந்த புதிதில், பிள்ளைகளை அடிக்க மாட்டேன் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்தேன். கையைக் கட்டிப்போடுவது சுலபமாகத்தான் இருந்தது. வாயைத்தான் கட்ட முடியவில்லை.

அதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டேன். கோபம் தொண்டை வரை வந்துவிட்டால் வகுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரும்பலகையைத் துடைப்பேன். பலகையில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. துடைத்துக்கொண்டே, "ஆண்டவரே, இந்தப் பாடம் முடியும் வரைக்குமாவது என் வாயைப் பிடித்துக்கொள்ளும்" என்று முணுமுணுப்பேன். அவர் எனக்குப் பொறுமையை மூட்டையாகத் தந்ததே இல்லை. ஒரு பாடவேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கிடைக்கும். அடுத்த பாடவேளைக்கு மறுபடியும் கேட்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவர் கொஞ்சம் கை இறுக்கமானவர் என்றே எனக்குத் தோன்றும்.

எங்கள் பள்ளிக்கூடம் இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. ஒரே நீள மண்டபம், தகரக் கூரை, இடுப்பளவுச் சுவர். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் பலகைதான் மறைப்பு. ஒரு வகுப்பில் யாராவது தும்மினால் மூன்று வகுப்புக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் என் துடைப்பை எத்தனை நாள் மறைக்க முடியும்? பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்துப் பிள்ளைகள். நான் டஸ்டரைக் கையில் எடுத்தவுடன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "சும்மா இருங்க, டீச்சருக்கு சாமி வருது." மாரியம்மன் திருவிழாவில் ஆடுகிறவர்களுக்கு வருவதுபோல எனக்கும் வருகிறதாம். முதல் தடவை அதைக் கேட்டபோது துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்த வருஷம் பதினோராம் வகுப்பில் இருந்த ஒரு பெண்பிள்ளைதான் என் டஸ்டரைத் தேய்த்தே தீர்த்தவள். சுவர் ஓரமாக உட்காருவாள். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறவர். வருஷக் கடைசியில் வரும் சாதாரண தர அரசாங்கப் பரீட்சையில் கணிதம் பாஸானால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். வீடுகூடப் பார்த்து வைத்தாயிற்று. மற்றப் பாடங்களில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணிதம் மட்டும் மலையாக நின்றது.

மூளை இல்லாமல் இல்லை. 'ஏன்' என்ற ஒரு சொல்தான் அவளுக்கு வினை. "கழிக்கிறதக் கழிச்சா ஏன் டீச்சர் கூடுது?" என்று கேட்பாள். கோடு போட்டு, கழித்தல் எண்களை இடப்பக்கமும் மற்றவற்றை வலப்பக்கமும் குறித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு மறுநாள் அதையே கேட்டாள். கடைசியில், அது விதி, அப்படியே வைத்துக்கொள் என்றேன். "விதினா யாரு டீச்சர் போட்டது?" என்றாள். மற்றப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். பாடத்திட்டம் பாதி கிடந்தது. நான் பலகையைத் துடைத்தேன்.

பரீட்சை நெருங்கியபோது பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தோம். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று நல்ல மழை. வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதால், நனைந்த சேலையோடு மேட்டை நடந்தே ஏறி வந்திருந்தேன். அவளுடைய தாளில் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"புரியாம எழுதினா பொய் சொல்ற மாதிரி இருக்கு டீச்சர்."

டஸ்டரை எடுத்துத் திரும்பினேன். ஜெபம் வரவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை. வந்தது வேறொன்று: 'அப்படியானால் கொழும்புக்கே போ. பாத்திரம் கழுவுவதற்கு எதுவும் புரிய வேண்டியதில்லை.' நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் அவள் அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஒரு சொல்லைக் கேட்டால் இலேசில் விடுகிற பிள்ளை இல்லை அவள். தெரிந்துகொண்டேதான் வகுப்பின் பக்கம் திரும்பினேன்.

நான் வாயைத் திறக்குமுன் அவள் எழுந்து நின்றாள். என் முகத்தில் என்னத்தைப் பார்த்தாளோ.

"டீச்சர், இன்னும் கொஞ்சம் தொடைங்க," என்றாள். "நாங்க இருக்கோம். அவசரம் இல்ல."

அதில் கிண்டல் இல்லை. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறைப்புக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பும் அடங்கிப் போயிருந்தது. நான் மறுபடி பலகைப் பக்கம் திரும்பினேன். கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாக நானும் ஆண்டவரிடம் ஏன், ஏன் என்றுதானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பொருட்டு அவர் எத்தனை தடவை திரும்பி நின்று பலகை துடைத்திருப்பார்? ஒரு தடவையாவது என்னைப் போய்த் தொலை என்று சொன்னாரா? கிருபை என்ற சொல்லை ஞாயிற்றுக்கிழமைதோறும் வாயால் சொல்கிறவள், அன்றுதான் அதை நெஞ்சில் உணர்ந்தேன். துடைத்துக்கொண்டே நின்றேன். தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மழைதான் எனக்கு வழி காட்டியது.

திரும்பி அவளிடம் கேட்டேன். "நேத்து மழையில அம்மா பறிச்ச கொழுந்த நிறுக்கிறப்போ எவ்வளவு கழிச்சாங்க?"

"ஈரக் கொழுந்துனு ரெண்டு கிலோ கழிச்சிட்டாங்க டீச்சர். அம்மா சண்டை போட்டுட்டுத்தான் வந்தாங்க."

"சரி, அந்தக் கழிவையே எடுத்துட்டா?"

"எடுக்க மாட்டாங்க டீச்சர்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "எடுத்துட்டாங்கனு வையேன்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். உதடு அசைந்தது. பிறகு மெதுவாக, "அம்மா பேர்ல ரெண்டு கிலோ கூடும்," என்றாள். சொல்லிவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். "இத எட்டாம் வகுப்புலயே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"எனக்கே இப்பத்தான் கெடச்சிச்சு," என்றேன். அது உண்மை.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் குட்டைச் சுவரில் இரண்டு பேரும் உட்காருவோம். எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கினோம். அவள் 'ஏன்' என்பாள், எனக்குத் தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். கோபம் வராமல் இல்லை. பலகைக்கு நடக்க வேண்டியிருந்ததால் பாதி வழியிலேயே தணிந்துவிடும்.

பரீட்சை முடிந்தது, பெறுபேறும் வந்தது. மறுநாள் பாடம் நடக்கும்போதே அவளும் அம்மாவும் மண்டபத்துக்குள் வந்தார்கள். அம்மா மலையிலிருந்து நேரே வந்திருந்தார், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கணிதத்தில் சாதாரண சித்தி; பாஸாகிவிட்டாள்.

"கொழும்புக்காரங்ககிட்ட புள்ள வராதுனு சொல்லிட்டேன் டீச்சர்," என்றார்.

அவள் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "பரீட்சையில ஒரு கணக்கு வரவே இல்ல டீச்சர். கோவம் கோவமா வந்துச்சு. மேசையக் கையால தொடைச்சேன். மேற்பார்வைக்கு வந்த சார் என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு."

"எந்தச் சாமியக் கேட்ட?"

"ஒங்க சாமியத்தான். தொடைச்சா கேக்கிறது அவருக்குத்தானே பழக்கம்."

டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினேன். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று அம்மா பயந்துபோய்க் கேட்டது காதில் விழுந்தது.

"சும்மா இரும்மா," என்றாள் மகள். "டீச்சர் தொடைக்கட்டும். நமக்கு அவசரம் இல்ல."