அளவெட்டிக்கு முந்திப் போட்ட வாக்கு

சென்ற வெள்ளிக்கிழமை நான் சண்டிலிப்பாயிலிருந்து மானிப்பாய்க்கும் அங்கிருந்து அளவெட்டிக்கும் அலைந்தது கோயில் கும்பிட அல்ல. ஒரு விதியோடு மல்லுக்கட்ட. உங்கள் ஊர் மாதர் சங்கமும் ஏதாவது சமாசத்தில் சேர்ந்திருந்தால் இதை வாசித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்ததுதான் சமாசம். அதற்குத் தலைவியைத் தெரிவுசெய்வதற்கு முன், ஊர்ச் சங்கங்கள் தனித்தனியே வாக்குப் போட்டு வேட்பாளர்களைப் பொறுக்க வேண்டும். எந்த ஊர்க்காரிக்கும் போடலாம்; ஆனால் தன் சொந்த ஊரில் ஆறு வாக்காவது எடுத்தவரின் பெயர் மட்டுமே கடைசிப் பட்டியலில் ஏறும். முதலில் போடுவது மூத்த சங்கமான அளவெட்டி. அதற்கு முந்திக்கொண்ட ஊரின் வாக்குகள் பாதியாக எண்ணப்படும். ஞாயிறோடு எல்லா ஊரும் முடித்துவிட வேண்டும்.

அளவெட்டி சனிக்கிழமை என்று வைத்தது. சனி எங்கள் கோயில் தேர், ஞாயிறு தீர்த்தம். தேரன்று எவள் வாக்குப் போட வருவாள்? சங்கத் தலைவி நான், வியாழனே நடத்திவிட்டேன். பன்னிரண்டு பேரும் என் மருமகள் தவமணிக்கே போட்டார்கள். தோட்டக் கிணறுகள் உப்பாகிப் போவதைக் கேட்க ஒருவரும் இல்லையென்று இரண்டு வருடமாக அலைகிறவள் அவள். தலைவியானால் கேட்பார்கள் என்று நம்பினாள்.

காலை 8.10 பஸ். மானிப்பாய் மூன்று கிலோமீற்றர், நாற்பது ரூபாய். சமாசச் செயலாளர் தலை நிமிராமலே சொன்னார்:

“அன்ரி, பன்னிரண்டு ஆறாகும். ஆறு காணும்தானே, பேர் ஏறும். பேசாமல் வீட்டை போங்கோ.”

“முழு வாக்கை ஏன் பிள்ளை பாதியாக்கிறாய்? தேங்காயோ உடைக்க?”

“அப்ப பழையதை அழிச்சுப்போட்டு, அளவெட்டிக்குப் பிறகு திரும்பப் போடுங்கோ.”

“அழி.”

அழிக்கச் சொல்லிக் கையெழுத்தும் வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் என் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும்.

அளவெட்டி பஸ் ஒன்றரை மணித்தியாலம் வரவேயில்லை. ஆட்டோவுக்கு எட்டுக் கிலோமீற்றருக்குத் தொள்ளாயிரம் ரூபாய்.

“ஆச்சி, ஆரின்ரை கலியாணம்?” என்றான் ஓட்டுகிறவன்.

“தேர்தல் தம்பி.”

“எங்களுக்கு ஒண்டும் வரேல்லையே!”

“இந்த அரியண்டம் உங்களுக்கு வரவே வேண்டாம்.”

அளவெட்டித் தலைவியிடம், “நாளைக்கு எங்கடை தேர். நீங்கள் ஒருநாள் முந்திப் போடுங்கோவன்” என்று கெஞ்சினேன்.

“போடலாம் அக்கா, இராகு காலம் போகட்டும்.”

பன்னிரண்டு மணி வரை வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். 12.40க்கு முடித்தார்கள். பதினைந்தில் பதினான்கு வாக்கு, தலைவிக்கு நிற்கிற மானிப்பாய்ப் பள்ளிக்கூட ரீச்சருக்கு.

1.25 பஸ்ஸில் ஐந்து கிலோமீற்றர், ஐம்பது ரூபாய். எனக்கு முன்னால் செய்தி தொலைபேசியில் ஊருக்கு வந்துவிட்டது. ஐந்து மணிக்கு மறுபடி வாக்கெடுப்பு. பக்கத்து வீட்டு இராசம் வாசலிலேயே சொன்னாள்:

“அளவெட்டியே ரீச்சருக்குப் போட்டிட்டுது. வெல்லுற ஆளோடை நிண்டால்தானே நாளைக்கு ஒரு அலுவலுக்குப் போகலாம்?”

வியாழனன்று தவமணிக்கு முதலில் கை தூக்கியவள் இவள்தான்!

ரீச்சருக்கு ஏழு. தவமணிக்கு ஐந்து.

தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே தவமணி கேட்டாள்: “பன்னிரண்டின்ரை பாதி எவ்வளவு மாமி?”

மறுநாள் தேர் வடம் பிடிக்க வந்தாள். எனக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

போகிறவர்களுக்கு: குடை கொண்டுபோங்கள். 8.10 பஸ் நேரத்துக்கு வரும். எந்த ஊர் முதலில் போடுகிறதோ அதன் வாய்தான் மற்ற ஊர்களுக்கும் வாய். அதை முந்திப் போட்ட வாக்கைச் சும்மா நினைக்காதீர்கள். மானிப்பாயில் பாதி தருகிறோம் என்றால் வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள்.