சபை ஒதுக்கிய அன்புக்கரசி

அன்புக்கரசிக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்று வீட்டுச் சமையல் வேலை. மிச்ச நேரமெல்லாம் அவள் போகும் கிறிஸ்தவ சபைக்குத்தான். ஆற்றோரத்துத் தகரக் கொட்டகையில் அந்தச் சபை தொடங்கிய நாளிலிருந்து பதினாறு வருஷமாகப் பெருக்கி, பாய் விரித்து, பாட்டெடுத்துக் கொடுத்தவள் அவள்.

அவள் மகள் நிலா, கூட வேலை பார்க்கும் பிரபுவை வடபழனி கோயிலில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்புக்கரசி போனாள், அட்சதை போட்டாள். யாரோ எடுத்த வீடியோ சபையின் பாஸ்டர் ஞானதுரையின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு சபையில் திருவிருந்து, எல்லாரும் அப்பம் பகிர்ந்து உண்ணும் ஆராதனை. அப்பத்தட்டை எடுக்கும் முன் பாஸ்டர் அவள் பெயரைச் சொன்னார்.

"எழுந்திரும்மா. விக்கிரகத்துக்கு முன்னாடி நின்னியா, இல்லையா?"

"எம் பொண்ணுக்கு முன்னாடி நின்னேன், பாஸ்டர்."

"எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேளு."

"இன்னாத்துக்கு? தப்பு பண்ணவன்கிட்ட மொதல்ல தனியா போய் சொல்லு, கேக்கலைன்னா ரெண்டு பேர கூட்டினு போ, அப்பாலதான் சபைல சொல்லுன்னு மத்தேயு பதினெட்டுல கீது. நீங்க நடத்துன பாடம்தான். எங்க வூட்டுக்கு வந்தீங்களா? ஒரு போனு பண்ணீங்களா?"

பாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊரறியப் பண்ண பாவத்தை ஊரறியத்தான் கண்டிக்கணும். எனக்கே வசனம் சொல்றியா?"

தட்டு அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் மனந்திரும்பும்வரை யாரும் அவளோடு சாப்பிடக் கூடாது, பழகக் கூடாது என்று அறிவித்தார். பக்கத்து வீட்டுச் சுப்பம்மா, பத்து வருஷமாகத் தினமும் அவளோடு ஜெபித்தவள், குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு குழாயடியில் பேச்சு நின்றது. பாட்டு வேறொருத்தி கைக்குப் போனது. ஆனாலும் அன்புக்கரசி நான்கு ஞாயிறு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஐந்தாம் ஞாயிறு பாஸ்டர் வாசலிலேயே மறித்து ஒரு காகிதத்தை நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வா."

அவள் நிதானமாக வாசித்தாள். 'விக்கிரக ஆராதனை செய்தேன்' என்றிருந்தது.

"செய்யாதத செஞ்சேன்னு எழுதிக் குடுத்தா அது பொய் இல்லியா? அந்தப் பாவத்துக்கு யாரு என்னைக் கண்டிப்பாங்க?"

அவர் கதவைச் சாத்தினார். அவளும் அதற்குமேல் சபைக்குப் போகவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று சபையிலிருந்து தெருவில் வீடு வீடாகப் பிரியாணிப் பொட்டலம் வந்தது. அவள் வீட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். சற்று நேரங்கழித்துச் சுப்பம்மா முந்தானைக்குள் ஒரு பொட்டலத்தை மறைத்துக்கொண்டு வந்தாள்.

"யாருக்கும் தெரியாம எட்த்தாந்தேன்டி, துன்னு."

"தெரியாம குடுக்கறது எனக்கு வாணாம். எல்லாரும் பாக்க குடுக்க தில்லு இருந்தா குடு. இல்ல, எட்த்துக்கினு போ."

சுப்பம்மா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பொட்டலத்தோடு திரும்பிப் போனாள்.

அன்புக்கரசி உள்ளே வந்து மிச்சமிருந்த ரசத்தைச் சூடாக்கினாள். அடுப்பு முன்னால் நிற்கையில் அழுகை வந்தது. அதுவும் கோபத்தில் வந்த அழுகைதான்.