கைகாட்டுகிறவன் தின்ற அபின்

அறுபதுகளின் கடைசியில் துறைமுகத்தில் எனக்கு வேலை. கப்பல் மேல்தளத்தில் நின்று, பளு இறக்கும் விஞ்சு எந்திரத்தை ஓட்டும் விஞ்சுக்காரனுக்குக் கைகாட்ட வேண்டும். நான் கையை உயர்த்தினால் மூட்டைக் கட்டு அந்தரத்தில் நிற்கும். கீழே, கப்பல் வயிற்றுக்குள், என் மனைவியின் தம்பி அந்தோணி மூட்டை அடுக்குவான்.

தோள்வலிக்கென்று தொடங்கிய அபின் என்னை விடவில்லை. போடாவிட்டால் கால் குடையும், மூக்கு ஒழுகும், ஓரிடத்தில் நிற்க முடியாது. அன்றும் அப்படித்தான். வேலை நடுவே ஓர் உருண்டையைக் கடைவாயில் அடக்கினேன். உடம்பு அடங்கியது.

கட்டு இறங்கியது. அந்தோணி நேர் கீழே நின்றான். கையை உயர்த்தினேன். கட்டு நிற்கவில்லை. அவன் பாய்ந்தும் வலது பாதம் மாட்டி நசுங்கியது.

ஓடிப்போய் விஞ்சுக்காரனின் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா நிறுத்தல?"

"நீ எங்க மாமு கைய தூக்குன? தொங்கிகினுதான இருந்துச்சு!"

நான் நம்பவில்லை. அந்தோணியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவனும் சொன்னான்: "உன் கையத்தான் பாத்துகினு இருந்தேன் மாமா. நீ தூக்கவே இல்ல."

அவன் பாதத்தை எடுத்துவிட்டார்கள். அபினை அன்றே விட்டேன். பத்து நாள் தரையில் புரண்டேன்.

கையை உயர்த்தியது இன்றும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.