பெட்ரூமில் எத்தனை பேர்?

போன செவ்வாய்க்கிழமை, டென்மார்க்கில் இருக்கும் ஒரு பேராசிரியர் என் வீட்டு பெட்ரூம் மீது சந்தேகப்பட்டார்.

பதறாதீர்கள். விஷயம் ஆராய்ச்சி சம்பந்தப்பட்டது.

சென்னை மாதிரி புழுங்கித் தள்ளுகிற ஊர்களில், ஏ.சி.யை அதிகம் நம்பாத அடுக்குமாடி வீடுகளை எப்படிக் கட்டலாம்? டென்மார்க்கில் ஒரு பல்கலைக்கழகமும் இங்கே ஒரு கல்லூரியும் சேர்ந்து கம்ப்யூட்டரில் இதற்கு விடை தேடுகின்றன. அதற்காக நிஜ வீடுகள் சிலவற்றில் கருவி மாட்டி வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அளக்கிறார்கள். அபிராமபுரத்தில், மூன்றாவது மாடியில், மேற்கு வெயில் மொத்தத்தையும் வாங்கிக்கொள்கிற என் ஃப்ளாட்டும் அதில் ஒன்று.

கருவி மாட்டியவர் ஷமீமா. ராயப்பேட்டைக்காரர். இந்த ஆராய்ச்சியில்தான் பிஎச்.டி. செய்கிறார். கருவி அளப்பது போக, வாராவாரம் நான் ஒரு தாளையும் நிரப்பித் தர வேண்டும். ஜன்னலை எப்போது திறந்தீர்கள், ஏ.சி. எத்தனை மணி நேரம் ஓடியது, வீட்டில் எத்தனை பேர்... நான் பேனாவை எடுத்து அழுத்தமாக ‘2’ என்று எழுதுவேன்.

நானும் என் மனைவி சாந்தியும். இரண்டுதானே?

செவ்வாயன்று ஷமீமா லேப்டாப்போடு வந்தார். என் ஹாலில் உட்கார்ந்தபடியே டென்மார்க்கோடு வீடியோ மீட்டிங். பேராசிரியர் திரையில் ஒரு கோட்டைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். ஷமீமாவின் முகம் வாடிவிட்டது.

“என்னன்னே தெரில அங்கிள். மத்த வீடெல்லாம் கரெக்டா வருது. உங்க வீடு மட்டும் கம்ப்யூட்டர் கணக்கோட ஒத்துவர மாட்டேங்குது. மூச்சு விட விட ரூம்ல கார்பன் டை ஆக்ஸைடு ஏறணும்ல? ரெண்டு பேர் தூங்குற ரூம்ல பாதிதான் ஏறுது. சென்சாரைக்கூட ரெண்டு வாட்டி மாத்திட்டேன்.”

“அதனால என்னம்மா?”

“இந்த வீட்டு டேட்டாவையே தூக்கிடலாம்னு சொல்றாரு. ஆறு மாசமா வந்துக்கினு போய்க்கினு இருக்கேன்... மேற்கு வெயில் வீடு இது ஒண்ணுதான் அங்கிள். இது போச்சுன்னா தீசிஸ்ல ஒரு சாப்டரே போயிடும்.”

நான் ஃபேனைப் பார்த்தேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

சாந்தி டொரான்டோ போய் ஒன்பது மாதம் ஆகிறது. மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் என்றுதான் போனாள். பிறகு விசாவை நீட்டினார்கள். “அடுத்த மாசம் வந்துடுவேங்க” என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறாள். அடுத்த மாதம் வரப்போகிறவளைத் தாளில் எதற்கு அழிப்பது? அப்படித்தான் முதல் வாரம் ‘2’ போட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. ஷமீமா ஒருமுறை, “ஆன்ட்டி இல்லையா அங்கிள்?” என்று கேட்டபோதுகூட, “வெளியே போயிருக்கா” என்றேன். டொரான்டோவும் வெளியேதானே?

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘1’ என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

“சென்சார் சரியாத்தாம்மா இருக்கு” என்றேன். “நான் எழுதினதுதான் தப்பு. இந்த வீட்டுல மூச்சு விடறது நான் ஒருத்தன்தான்.”

ஷமீமா திரையின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் விளக்கினார். பேராசிரியருக்கு ஏக சந்தோஷம். ஒரு ஆள் என்று வைத்துப் பார்த்தால் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறதாம். கை தட்டாத குறை.

லேப்டாப்பை மூடிவிட்டு ஷமீமா கேட்டார்: “சாப்டீங்களா அங்கிள்?”

எதிர் ஃப்ளாட்காரர் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் “வீட்ல சௌக்கியமா?” என்பார். நான் “சௌக்கியம்” என்பேன். கீழ்த்தளம் வந்துவிடும். ஒன்பது மாதமாக அவருக்குத் தெரியாதது, எங்கேயோ கடல் தாண்டி இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது! ஆனால் அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் யாரிடம் வாய் திறந்தேன்? சாந்தி தினமும் வீடியோ காலில் “எப்படி இருக்கீங்க?” என்கிறாள். “எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்” என்கிறேன். அதுவும் பேனாவால் எழுதிய ‘2’தான்.

அன்று மாலை சாந்தியிடம் நடந்ததைச் சொன்னேன். பேராசிரியரின் சந்தோஷம் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

“ஏங்க... ஒரு மெஷின் சொல்லித்தான் இது எனக்குத் தெரியணுமா?”

“தனியா இருக்க முடியல சாந்தி” என்றேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இவ்வளவு நேராக அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை.

“இவகிட்ட பேசறேன்” என்றாள், மகளைத்தான். எப்போது வருவேன் என்று சொல்லவில்லை. ‘அடுத்த மாசம்’ என்றும் சொல்லவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

பழைய தாள்களையெல்லாம் ஷமீமா திருப்பிக் கொடுத்துவிட்டார். உட்கார்ந்து ஒவ்வொரு ‘2’ஆக அடித்துத் திருத்தினேன். கடைசியாக இந்த வாரத்துத் தாள். வீட்டில் எத்தனை பேர்?

‘1’ என்று எழுதினேன். பென்சிலால்.