கை நடுங்கியபடி எடுத்த கல்யாணப் படம்

சில வருஷமாக எனக்குக் கை நடுங்குகிறது. அதற்காகக் கல்யாணங்களில் படம் எடுப்பதை நான் விடவில்லை. திருவந்திபுரத்தில் ஒரு முகூர்த்தத்தில் மணப்பெண்ணின் தாய்மாமன் என் கையைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, கை இப்டி ஆடுது? படமெல்லாம் ஷேக் ஆயிடும். வேற ஆளக் கூப்புடுறோம்."

"கூப்புடுங்க சார். அவுங்க வர்ற வரைக்கும் நான்தான் எடுப்பேன்" என்றேன்.

நடுக்கம் படத்தில் விழாதபடி கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். தாலி ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக எடுத்தேன். சில படங்கள் கலங்கலாகத்தான் வந்தன. ஒன்றில் மட்டும் பெண்ணின் இமையில் நின்ற கண்ணீர்கூடத் தெளிவாக இருந்தது.

தாய்மாமன் கேமராத் திரையில் அதை எட்டிப் பார்த்தார். "அப்ப அந்த ஆள வர வேணாம்னு சொல்லிடட்டா?" என்றார்.

"அது உங்க இஷ்டம் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மெட்டி போடப் போறாங்க."